கொல்லையில பாட்டு போட்டா உங்க வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?

கொல்லைப்படி:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போறவ, இன்னைக்குதான் நானே ஒரு இழை ஆரம்பிக்கிறேன். கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு எங்களது, பின்னாடி நீளமா ஒரு கொல்லை. தோட்டம்னு பெருமையா சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது, ரெண்டு முருங்கை, ஒரு வாழைக்கொத்து, கறிவேப்பிலை, செம்பருத்தி, கிணத்தடியில ஒரு நாரத்தை, மூலையில குப்பைமேடு, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கிற தண்ணி வாழைக்கு ஓடும்.

காலையில காபிய எடுத்துக்கிட்டு பின்படியில வந்து உக்காந்தேன்னா அப்ப இன்னும் இருட்டாத்தான் இருக்கும், முதல் ஆளா கரிச்சான் கத்த ஆரம்பிச்சிரும், இரட்டைவால் குருவின்னு சொல்வோமே அதுதான். அதுக்கப்புறம் குண்டுக்கரிச்சான், கறுப்பு வெள்ளையா வால தூக்கிக்கிட்டு ஓட்டு முகட்டுல உக்காந்து பாடும் பாருங்க, அது பாடுறத கேட்டா நான் போன்ல என்னத்த போடுறதுன்னு கூச்சமா இருக்கும். ஆனாலும் போடுவேன். நாதஸ்வரம், சத்தத்த ரொம்ப குறைச்சு வச்சு. வெளிச்சம் வந்ததும் தவிட்டுக்குருவி கும்பல் இறங்கும், வாழையடியில சருக எல்லாம் புரட்டி போட்டு ஒண்ணு மேல ஒண்ணு கத்திக்கிட்டு. செம்பூத்து மட்டும் தனியா, மதில் ஓரமா நடந்தே வரும், பறக்க சோம்பேறி. வாழைப்பூவுல தேன்சிட்டு. எட்டரைக்கு நான் கம்ப்யூட்டர தொறந்தாகணும், கணக்கு வேலை, அதுவரைக்கும் இதுதான் என் ராஜ்ஜியம்.

என் கேள்வி, உங்க வீட்டுக்கு யார் யார் வர்றாங்க, அப்ப என்ன பாட்டு ஓடும்? எனக்கென்னமோ நாதஸ்வரம் போடுற அன்னைக்கு தவிட்டுக்குருவி சீக்கிரம் வருதோன்னு தோணுது, சிரிக்காதீங்க.

மொட்டைமாடி_மதுரை:
//உங்க வீட்டுக்கு யார் யார் வர்றாங்க//
எங்க வீட்டுக்கு வர்றது கேஸ் சிலிண்டர் போடுறவரும் அணிலும்தான் ஹாஹா. கொல்லையெல்லாம் எங்களுக்கு ஏதுங்க, செல்லூர்ல சந்துக்குள்ள வீடு, மொட்டைமாடியில பத்து தொட்டி. ஆனா அணிலு இருக்கு பாருங்க, நம்ம வீட்டு வாசல்ல கிடந்த தேங்காநார் மிதியடிய கொஞ்சம் கொஞ்சமா பிச்சு எடுத்துட்டு போய் பக்கத்து வீட்டு ஏசி பெட்டிக்கு பின்னாடி கூடு கட்டிருச்சு. இப்ப மிதியடியில "நல்வரவு"ல "நல்" மட்டும் இருக்கு. அம்மா திட்டுறாங்க, நான் இன்னொன்னு வாங்கி வச்சிட்டேன், அதுவும் போகட்டும்.

பாட்டுன்னா எனக்கு ஒரே ஆளுதான், ராஜா. 76ல வந்தவரு, நான் பொறக்குறதுக்கு முன்னாடி. சாயங்காலம் கடைய சாத்திட்டு வந்து மாடியில பாய விரிச்சு எண்பதுகள்ல வந்த பாட்டா போட்டு விட்ருவேன். தண்ணி டேங்க் மேல அணிலு கால நீட்டி வயித்த ஒட்டவச்சு படுத்துக்கிடும், வெயில் காலத்துல. பாட்ட கேட்டு கிறங்கிப்போய் படுக்குதுன்னுதான் நான் சொல்லிக்கிட்டு திரியிறேன்.

சுதிப்பெட்டி:
ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு வணக்கம். குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கறேன். பங்குனி பொறந்ததுலேர்ந்து எங்காத்து பின்னாடி மாமரத்துல குயில் ஒண்ணு உக்காந்துண்டு என் க்ளாஸையே நடத்த விடமாட்டேங்கறது. பசங்க சரளி வரிசை வாசிக்கறச்சே அது நடுவுல "கூ"ங்கும், உடனே எல்லாம் சிரிச்சுடும், தாளம் போச்சு.

ஒரு பொண்ணு கேட்டா, "மிஸ், குயில் பஞ்சமத்துலதானே பாடும், எங்க பாட்டி சொன்னா"ன்னு. பழைய சங்கீத சாஸ்திரத்துல அப்படித்தான் இருக்கு, மயில் ஷட்ஜம், காளை ரிஷபம், ஆடு காந்தாரம், கிரௌஞ்சம் மத்யமம், குயில் பஞ்சமம், குதிரை தைவதம், யானை நிஷாதம்னு ஏழுக்கும் ஏழு பிராணி. சரி பாத்துடலாமேன்னு வயலினை எடுத்துண்டு கொல்லைக்கே போனோம் எல்லாரும். முதல் கூவலை நான் பிடிச்சேன். ரெண்டாவது அதைவிட மேல. மூணாவது இன்னும் மேல. ஒவ்வொரு கூவலும் ஒரு படி ஏறிண்டே போறது, உச்சத்துக்கு போய் பட்டுனு நிறுத்திடறது, கொஞ்சம் விட்டு மறுபடியும் கீழேர்ந்து. அதுவும் ஒரு கூவலுக்குள்ளயே சுரம் நிக்கறதில்லை, "கூ"லேர்ந்து "ஊ"க்கு வழுக்கிண்டு போறது, நம்ம ஜாரு மாதிரி. விரலை வச்ச இடத்துல வைக்கவே முடியலை எனக்கு.

வானம்பாடி_வாசகன்:
//குயில் பஞ்சமம்//
அப்ப சாஸ்திரம் பொய்யா மேடம்?

சுதிப்பெட்டி:
பொய்னு யார் சொன்னா! பஞ்சமம்ங்கறது ஷட்ஜம் எங்க இருக்குன்னு பாத்துதானே. குயிலுக்கு தம்புரா யார் போடறா? நீங்க ஒரு சுதியை மனசுல வச்சுண்டு கேட்டேள்னா ஏறிண்டு போற வழியில எங்கயாவது ஒரு இடத்துல பஞ்சமத்தைத் தொடாம போகாது. சுரம் கத்துக்க வர்ற குழந்தைக்கு சத்தத்தை காதுல பிடிச்சு வைக்க ஒரு வழின்னு நான் அதை எடுத்துக்கறேன். யானை நிஷாதத்துல பிளிறறதான்னு கோவில்ல போய் வயலினை வச்சு பாக்கற தைரியம் எனக்கு இல்லை.

தொலைநோக்கி:
ஈரோட்டுலிருந்துங்க. பறவை பாக்கறது பழக்கம், பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்புக்கு போறவன். எல்லாருத்தையும் கோவிச்சுக்காம படிங்க, ஒண்ணு சொல்றேன். நீங்க போடற பாட்டுக்கு குருவி வர்றதில்லைங்க, அது வர்ற நேரத்துல நீங்க பாட்டு போடறீங்க, அவ்வளவுதான் சங்கதி. தவிட்டுக்குருவி வாழையடிக்கு வர்றது புழு பூச்சிக்கு, பாத்திரம் கழுவற தண்ணி ஈரத்துல அது நெறையா கெடைக்கும். அணில் தண்ணி டேங்க் மேல ஒட்டிப்படுக்கறது வெயிலுக்கு, சில்லுனு இருக்கற எடத்துல வயித்த வச்சு சூட்ட ஆத்திக்குது.

அப்பறம் இன்னொன்னுங்க, ஒரே ஒரு வாரம் பாட்ட நிறுத்திட்டு உக்காந்து பாருங்க. பாட்டு ஓடறப்ப குண்டுக்கரிச்சான் பாடறது மட்டும்தான் காதுல விழும், அது சத்தமா பாடற ஆளு. முருங்கைக்குள்ள தையல்சிட்டு, கட்டவிரல் அளவு இருக்கும், எலைய நூல் போட்டு தச்சு கூடு கட்டுமே அதுதான், அதோட "ட்விட் ட்விட்" இருக்குதுன்னே தெரியாம போயிரும்.

செம்பூத்து பத்தி சொல்லணும்னா, அது குயில் குடும்பந்தானுங்க. ஆனா குயிலாட்ட காக்கா கூட்டுல முட்டைய வச்சிட்டு ஓடறதில்லை, சொந்தமா கூடு கட்டி சொந்தமா வளக்கும். நத்தை, பூச்சி, ஓணான், மத்த குருவி முட்டை எல்லாம் திங்கும். காலையில "ஊப் ஊப் ஊப்"னு ஒண்ணு ஆரம்பிச்சா தூரத்துல இன்னொன்னு பதில் குடுக்கும், ரெண்டோட குரலும் ஒரே மட்டத்துல இருக்காது, கேட்டுப் பாருங்க.

மொட்டைமாடி_மதுரை:
//பாட்டுக்கு குருவி வர்றதில்லைங்க//
ண்ணே, சந்தோஷமா இருந்தவனுக்கு அறிவியல் பாடம் எடுத்துட்டீங்களே. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். போன வாரம் யூடியூப்ல குயில் சத்தத்த போட்டேன், ரெண்டே நிமிசத்துல குயிலு பறந்து வந்து எதிர்த்த வீட்டு கேபிள் வயர்ல உக்காந்துருச்சு. செவப்பு கண்ணு, கன்னங்கரேல்னு. இப்ப என்ன சொல்றீங்க?

தொலைநோக்கி:
அது சந்தோசத்துல வரலீங்க, சண்டைக்கு வந்துருக்குது. இது குயிலுக்கு சோடி சேர்ற காலம், வேற ஒரு ஆண் குயில் தன்னோட எடத்துக்குள்ள பூந்துருச்சுன்னு நெனச்சு தொரத்த வந்துருக்கும். எதிரிய காணாம அங்கயும் இங்கயும் அலஞ்சு தொண்டை கிழிய கத்தும், இரை தேடற நேரம் வீணாப்போகும். கூடு கட்டற காலத்துல ரெக்கார்டு போட்டு பறவைய கூப்புடக்கூடாதுன்னு எங்க ஆளுங்க படிச்சுப் படிச்சு சொல்றது அதனாலதான். ராஜா பாட்ட தாராளமா போடுங்க, அது குயிலுக்கு வெறும் சத்தம். குயில் பாட்ட குயிலுக்கு போடாதீங்க.

மொட்டைமாடி_மதுரை:
சரிண்ணே, அந்த வீடியோவ இனி தொடல. (குயிலு பாவம், வீடு தேடி வந்து ஏமாந்துருச்சு.)

பால்கனி_அத்தை:
நான் சென்னை மடிப்பாக்கம், மூணாவது மாடி. மரம் செடி எதுவும் இல்ல, பால்கனியில துணி காயப்போடுற கொடிக்கயிறு மட்டும்தான். அந்தக் கயிறுல ஒரு பழைய கிளிப்பு மாட்டி இருந்துச்சு, அதுல ஏதோ குப்பை தொங்குதேன்னு தட்டிவிட போனேன், பக்கத்து வீட்டு பொண்ணு ஐயோ ஆன்ட்டி தொடாதீங்க தேன்சிட்டு கூடுன்னு கத்துனா. பாத்தா ஒட்டடை, காஞ்ச இலை, மரப்பட்டைத்தூள், எங்க வீட்டு துடைப்பத்துல இருந்து போன நார் எல்லாத்தையும் சிலந்தி நூல்ல சுத்தி ஒரு பை மாதிரி, பக்கவாட்டுல வாசல், வாசலுக்கு மேல சின்னதா ஒரு தாழ்வாரம் வேற! மழை பட்டா உள்ள போகாது. பொட்டை மட்டும்தான் பெரும்பாலும் வேலை பாத்துது, ஆணு பளபளன்னு டிரஸ் பண்ணிக்கிட்டு கம்பியில உக்காந்து சூப்பர்வைசிங். எங்க வீட்டு கதைதான்.

அப்புறம் என்ன, துணியெல்லாம் ஹால்ல ஃபேனுக்கு அடியில. எங்க வீட்டுக்காரர் தினமும் காலையில சுப்ரபாதம் வைக்கிறவரு, அதுவும் தெருவுக்கே கேக்குற மாதிரி வைக்கணும் அவருக்கு. நான் சொல்லிட்டேன், பெருமாள் எழுந்தா போதும், குஞ்சு எழுந்திரிக்க வேண்டாம்னு. ஸ்பீக்கர் பூஜை ரூமுக்குள்ள போயிருச்சு, சத்தமும் பாதியாச்சு. குஞ்சு ரெண்டு பொரிஞ்சப்புறம் ஆணும் சேந்து ஊட்டுச்சு, அத சொல்லாம விட்டா பாவம். முழுசா சத்தமே இல்லாம இருக்கணுமான்னு நான் கவலைப்பட்டேன், ஆனா அது எங்க வீட்டு மிக்சி சத்தத்துக்கே பழகி, ஆள் ஒரு அடி தள்ளி நின்னாலும் உள்ளேருந்து மூக்க நீட்டி பாத்துக்கிட்டே உக்காந்துருந்துச்சு.

மொட்டைமாடி_மதுரை:
அத்தை, நீங்க கொடிக்கயிறதான விட்டுக்குடுத்தீங்க, எங்க பக்கத்துல சிவகங்கை மாவட்டத்துல பொத்தகுடின்னு ஒரு ஊரு, 2020ல தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு குருவி கூடு கட்டி முட்டை வச்சிருச்சுன்னு ஊரே ஒரு மாசத்துக்கு மேல தெருவிளக்கு போடாம இருட்டுல நடந்தாங்க. பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. அதே சிவகங்கையில வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி பக்கம் கண்மாய்க்கு வர்ற பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடியே போட மாட்டாங்க. நம்ம ஊரு ஆளுகள லேசா நெனச்சிராதீங்க.

வளவுக்காரன்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் தவிட்டுக்குருவி எண்டு சொல்லுறது எங்கட புலுனிதானே, படத்தப் பாத்தன், அதே மஞ்சள் சொண்டு, அதே சண்டை. எங்கட வளவுக்குள்ள மா, பலா, முருங்கை, பின்வேலியில கிளுவை. புலுனி ஒண்டு தனிய வந்து நான் இந்த வயசுக்கு கண்டதில்லை, எப்பவும் கூட்டம்தான்.

பாட்டு எண்டா எனக்கு ரேடியோதான். அப்பா இலங்கை வானொலி கேட்ட ஆள், அந்த நேரம் உங்கட பக்கமும் எல்லாரும் எங்கட வானொலியைத்தானே திருப்பி வச்சுக் கேட்டவை. எனக்கு இப்ப போனில எல்லாம் கிடக்கு, எண்டாலும் பின்னேரம் ரேடியோவைப் போட்டிட்டு திண்ணையில இருந்தாத்தான் திருப்தி. அடுத்த பாட்டு என்னண்டு எனக்கே தெரியாது, அடுத்து வேலியில என்ன வந்து குந்தும் எண்டும் தெரியாது.

மாரி தொடங்கினா கதை வேற. முதல் பெரிய மழைக்கு அடுத்த இரவு கிணத்தடிப் பக்கம் தவளையள் துவங்கினா ரேடியோ ஒண்டும் கேக்காது, நிப்பாட்டிப் போட்டு படுக்க வேண்டியதுதான். கவனிச்சுக் கேட்டா ஒண்டு முடிய மற்றது, அது முடிய இன்னொண்டு, அப்துல் ஹமீத் நடத்தின பாட்டுக்குப் பாட்டு மாதிரி அடுத்த எழுத்துக்கு காத்துக்கொண்டு இருக்கிறவை. குளியலறையில ஒரு மரத்தவளை குடியிருக்கு, வாளிக்கு மேல சுவரில. போன மாரிக்கு தொட்டிக்கு மேல சவர்க்கார நுரை மாதிரி ஒரு கட்டி, மனிசி கழுவ வெளிக்கிட்டா, நான் மறிச்சிட்டன். கொஞ்ச நாளில அதுக்குள்ள இருந்து வால்பேத்தையள் ஒவ்வொண்டா தண்ணிக்குள்ள விழுந்தது.

கொல்லைப்படி:
//சவர்க்கார நுரை மாதிரி ஒரு கட்டி//
ஐயோ எங்க கிணத்து சுவத்துலயும் அத பாத்திருக்கேன்! யாரோ சோப்பு நுரைய வீசிட்டாங்கன்னு நினைச்சேன் இத்தனை நாள். நன்றிண்ணா.

தொலைநோக்கி சார் சொன்னத ஒரு நாள் செஞ்சு பாத்தேன், பாட்டே இல்லாம. உண்மைதான், தையல்சிட்டு கேட்டுச்சு, அது போக கிணத்தடியில ஏதோ "டொக் டொக்"னு, யாருன்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, அரைமணி நேரத்துக்கப்புறம் என் மண்டைக்குள்ள இன்னைக்கு முடிக்க வேண்டிய ஜிஎஸ்டி கணக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு. பாட்டு இருந்தா அது வர்றதில்ல. பாட்டு என் மண்டைய வாயடைச்சு உக்கார வைக்குது, அப்பதான் கண்ணு வெளிய பாக்குது. எனக்கு அதுக்குத்தான் நாதஸ்வரம், குருவிய கூப்பிட இல்ல.

தொலைநோக்கி:
//என் மண்டைய வாயடைச்சு உக்கார வைக்குது//
இது நியாயமுங்க. இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. அப்படீன்னா சத்தத்த மட்டும் பாத்துக்கங்க. நெதர்லாந்துல லெய்டன்னு ஒரு ஊர்ல பட்டாணிக்குருவி இனத்துல ஒண்ண வச்சு ஆராய்ச்சி பண்ணி 2003ல எழுதுனாங்க, வண்டிச் சத்தம் அதிகமா இருக்கற தெருவுல வாழற குருவிங்க கீழ்சுதியில பாடறத கொறச்சிட்டு மேல் சுதியில பாடுதுங்கன்னு. கீழ பாடுனா வண்டி எரைச்சல்ல அமுங்கிப்போயிருமே. 2020 ஊரடங்கு சமயத்துல சான்பிரான்சிஸ்கோவுல வேற ஒரு குருவிய பாத்தாங்க, தெரு அடங்குனதும் அது மெல்லமா பாட ஆரம்பிச்சிருச்சாம், கத்த வேண்டிய அவசியம் இல்லாம போனதால. ஆக நாம போடற சத்தத்துக்கு அதுங்க தொண்டைய மாத்திக்குதுங்க. ஒரு போன் ஸ்பீக்கர் சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது, கோயில் நோம்பிக்கு கட்டற கொழாய் ஸ்பீக்கர்தான் தாங்காது.

கிணத்தடி "டொக் டொக்" செம்மார்புக் குக்குறுவானா இருக்கலாமுங்க. பக்கத்துல அத்தி, ஆலமரம் இருக்குதா? கொட்டாங்கச்சியில தட்டறாப்புல ஒரே சீரா நிறுத்தாம வருமே, அதுதான். பித்தளைப் பாத்திரம் தட்டறாப்புல இருக்கும்னு இங்கிலீஷ்ல அதுக்கு காப்பர்ஸ்மித், அதாவது கன்னாருன்னே பேரு வச்சுருக்காங்க. குருவி பச்சையா இருக்கறதால எலைக்குள்ள தேடி கண்டுபிடிக்கறது கஷ்டம்.

சுதிப்பெட்டி:
அதே சீரா வருமா? மெட்ரோனோம் இல்லாத குழந்தைகளுக்கு அதைத்தான் வாங்கித்தரணும்!

கரிச்சான்னு ஆரம்பிச்சேளே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். திருப்பாவை ஏழாவது பாசுரத்துல "கீசு கீசென்றெங்கும் ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம் கேட்டிலையோ"ன்னு வரதே, அந்த ஆனைச்சாத்தன் கரிச்சான்தான்னு நிறைய பேர் சொல்றா. விடியறதுக்கு முன்னாடி கத்தறது, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறாப்புல கத்தறது, ரெண்டும் பொருந்தறது. அதுக்கு முந்தின பாசுரமே "புள்ளும் சிலம்பின காண்"னுதான் ஆரம்பம். அரியக்குடி ராமானுஜய்யங்கார் போட்ட மெட்டுல ஆறாவது சங்கராபரணம், ஏழாவது பைரவி. மார்கழியில நாலரைக்கு எழுந்து பசங்களுக்கு பைரவி சொல்லிக்கொடுத்துண்டு இருக்கறச்சே ஜன்னலுக்கு வெளியில நிஜமாவே அது கீச்சுக்கீச்சுங்கும். எனக்கு அந்த பாசுரம் பிடிச்சதுக்கு பக்தி பாதி, அது பாதி.

நெல்லை_மக்கா:
எல்லாரும் குருவி குருவிங்கிய, எங்க வீட்டு தொழுவத்துல வர்றது யாருன்னு கேளுங்க. சாரைப்பாம்பு. ஆறடி இருக்கும். எங்க ஆச்சி சொல்லுதா, மகுடி வாசிச்சா வருமாம், புன்னாகவராளி ராகம் பாடுனா வருமாம், ராத்திரி விசில் அடிச்சா வருமாம். பேரன் கீபோர்டு கிளாஸ் போறான், அவன அந்த ராகத்த மட்டும் வாசிக்க விட மாட்டேங்கா. சுதிப்பெட்டி அக்கா, நெசமா?

சுதிப்பெட்டி:
புன்னாகவராளியை பாம்பாட்டி மெட்டுன்னு சொல்றது உண்டு, ஆனா எத்தனையோ கச்சேரியில கேட்டாச்சு, சபாவுக்கு வந்தது கேண்டீனுக்கு போற மாமாக்கள் மட்டும்தான். பேரனை தாராளமா வாசிக்கச் சொல்லுங்கோ.

தொலைநோக்கி:
பாம்புக்கு வெளிக்காது கெடையாதுங்க, ஆனா சுத்தமா செவிடும் இல்லை. தரையில வர்ற அதிர்வும் கீழ்சுதி சத்தமும் தாடை எலும்பு வழியா உள்காதுக்கு போகும். மகுடிக்கு படம் எடுத்து ஆடறது, அந்த ஆளு மகுடிய ஆட்டறத பாத்து அதுமேல ஒரு கண்ணு வச்சுக்கறதுதான். உங்க சாரைக்கு விசமில்லை, எலி புடிக்கத்தான் தொழுவத்துக்கு வருது, அது இருக்கறவரைக்கும் உங்களுக்கு எலி மருந்து செலவு மிச்சம். வேற பாம்பா இருந்து சந்தேகமா இருந்தா கிட்ட போகாதீங்க, தீயணைப்புக்கு போன் பண்ணா வந்து புடிப்பாங்க.

ஒரு தகவல் கொல்லைப்படி அம்மாவுக்கு. தவிட்டுக்குருவி வழக்கமா போடற சண்டைச்சத்தம் வேற, எல்லாம் ஒரே எடத்த பாத்துக்கிட்டு நிறுத்தாம கரகரன்னு கத்தறது வேற. ரெண்டாவது கேட்டா அங்க பாம்போ பூனையோ வல்லூறோ இருக்குதுன்னு அர்த்தம். அணிலும் அப்படித்தான், வாலை வெடுக் வெடுக்னு ஆட்டிக்கிட்டு ஒரே தாளத்துல கத்தும். பழகிட்டா வீட்டுக்குள்ள இருந்தே கொல்லையில என்ன நடக்குதுன்னு சொல்லிரலாம்.

நெல்லை_மக்கா:
ஆச்சிட்ட படிச்சு காட்டிட்டேன். "அவனுக்கென்ன தெரியும்"னுட்டு போயிட்டா. ஆனா பேரன் இப்ப வேணும்னே அதையே வாசிக்கான். பாம்பு வரல, பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் வந்தாரு, சத்தத்த குறைக்கச் சொல்லி.

கொல்லைப்படி:
சார் சொன்ன மாதிரியே நேத்து தவிட்டுக்குருவி எல்லாம் நாரத்தைய பாத்து கத்துச்சுங்க, போய் பாத்தா பக்கத்து வீட்டு பூனை. விரட்டிட்டேன்.

விரட்ட போன இடத்துல இன்னொன்னு கிடைச்சுது. நாரத்தை இலையில காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு, தொட்டா அசையுது! எங்க மாமியார் பாத்துட்டு, இதுதான் கறிவேப்பிலையையும் மொட்டையடிக்குது, நசுக்குன்னாங்க. நான் நெட்ல தேடிட்டு வேணாம்மா பட்டாம்பூச்சி ஆகும்னு கெஞ்சி ஒரு கிளைய மட்டும் அதுக்கு ஒதுக்கி வாங்கியிருக்கேன். சின்னதுல எச்சம் மாதிரி இருக்குமாம், யாரும் திங்க மாட்டாங்கன்னு. பெருசானா இலைப்பச்சை. தொட்டா தலையிலேருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு நீட்டுது, கூடவே ஒரு நாத்தம், அப்பப்பா. மாமியாருக்கு அந்த கொம்ப பாத்ததும் பிடிச்சுப்போச்சு, பக்கத்து வீட்டு அம்மாவ எல்லாம் கூப்பிட்டு தொட்டுக் காட்டுறாங்க. பாவம் அந்தப் புழு.

வானம்பாடி_வாசகன்:
நம்ம மாநில பட்டாம்பூச்சி தமிழ் மறவன் உங்க கறிவேப்பிலைக்கு வருமா?

தொலைநோக்கி:
அது 2019ல அறிவிச்சதுங்க, மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுங்கள்ல இருக்கற பூச்சி, கும்பகோணத்துக்கு வராது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தையில வளர்றது அழகின்னு சொல்ற வண்ணத்துப்பூச்சி வகையும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும். அம்மா, புழுவ அடிக்கடி தொட விடாதீங்க, மாமியார்கிட்ட பதமா சொல்லுங்க. வெயில் ஏறுது, எல்லாரும் ஒரு மண்தட்டுல ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு தண்ணி வைங்க, நடுவுல ஒரு கல்லு. தெனமும் ஊத்திட்டு மாத்தணும், இல்லீன்னா கொசு. மிச்சர், பிஸ்கட் எல்லாம் வேண்டாம்.

பால்கனி_அத்தை:
காக்காக்கு சாதம் வைக்கலாம்ல? அமாவாசை அன்னைக்கு அத நிறுத்த சொன்னா எங்க வீட்ல கலவரம் ஆயிரும்.

தொலைநோக்கி:
காக்காக்கு வைக்கற சாதத்த நிறுத்த சொல்ற அளவுக்கு எனக்கு தைரியம் இல்லீங்க :)

சும்மா_படிக்கிறவன்:
ஒரு சந்தேகம். திண்டுக்கல் பக்கம் எங்க வீட்டு பழைய புளியமரத்துல பொழுது சாஞ்சதும் ரெண்டு பேரு சண்டை போடுற மாதிரி "சிர்ர் சிர்ர் கிச்சு கிச்சு"ன்னு ஒரே களேபரம், அஞ்சு நிமிசத்துல அடங்கிரும். அப்பத்தா ஆந்தை அலறுது, வீட்டுக்கு ஆகாது, கல்ல எடுத்து எறிங்கிறாங்க. நான் ஹெட்போன்ல ரஹ்மான் பாட்டு கேட்டுக்கிட்டு மாடியில நடக்குற நேரம் அது, பாட்டையும் மீறி கேக்குது. அது என்ன?

தொலைநோக்கி:
புள்ளி ஆந்தைங்க, அநேகமா. ஒரு சாண் உசரம்தான் இருக்கும், பழுப்பு ஒடம்புல வெள்ளைப் புள்ளி, உருண்டைக் கண்ணு. மரப்பொந்துல சோடியா குடியிருக்கும், பொழுது எறங்குனதும் வெளிய வந்து ரெண்டும் சேந்து கத்தும், நீங்க சண்டைன்னு நெனச்சது அதுதான். பூச்சி, வண்டு, சின்ன எலி திங்கும். வெள்ளை மூஞ்சியோட ராத்திரி "ஸ்ஸ்ஸ்"னு சீறுச்சுன்னா அது கூகை, வேற ஆளு. கல்லு எறிய விட்டுறாதீங்க. பகல்லயே பொந்து வாசல்ல வெயில் காஞ்சுக்கிட்டு உக்காந்துருக்கும், அப்பத்தாவ கூட்டிட்டு போயி ஒருக்கா காட்டுங்க.

சும்மா_படிக்கிறவன்:
காட்டிட்டேன். தலைய மேலயும் கீழயும் ஆட்டி எங்கள முறைச்சுது. அப்பத்தா "என்னடா உங்க தாத்தா மாதிரியே பாக்குது"ன்னு சொல்லிட்டு கல்ல கீழ போட்டுட்டாங்க. இப்ப ஒரு பிரச்சனை, அது கத்துற நேரத்துக்கு சரியா என் பாட்டுல நல்ல இடம் வந்து தொலைக்குது, எத கேக்குறதுன்னு தெரியல.

மொட்டைமாடி_மதுரை:
தம்பி, ஒரு காதுல மட்டும் ஹெட்போன மாட்டு, மத்த காத ஆந்தைக்கு விட்ரு. நான் இப்ப அப்படித்தான் படுக்குறேன். ரஹ்மான் பாட்ட மட்டும் மாத்திட்டு ராஜா பாட்ட போடு.

சும்மா_படிக்கிறவன்:
அண்ணே அந்த சண்டைக்கு தனி இழை இருக்கு, அங்க வாங்க.